காட்டில் அடிபட்ட யானைக்கு யார் வைத்தியம் பார்ப்பது? ஆப்பிரிக்கக் கள மருத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவம் படித்தவன். கென்யாவின் தென்பகுதியில் காட்டுவிலங்கு மருத்துவக் குழு ஒன்றோடு சில காலம் உதவியாளாகச் சுற்றினேன். அங்கே மருத்துவராக வேலை செய்ய எனக்கு அனுமதி கிடையாது. தண்ணீர் கேன் தூக்குவேன், கயிறு பிடிப்பேன், விழுந்து கிடக்கும் விலங்கின் மூச்சை எண்ணுவேன். ஊர் திரும்பிய பிறகு பள்ளிக்கூடம், கல்யாண வீடு, ரயில் பெட்டி என்று எங்கே பேச்சு எடுத்தாலும் அதே கேள்விகள்தான் வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

"காட்டு மிருகத்துக்கு அடிபட்டா தன்னால ஆறிடாதா சார்? எதுக்கு டாக்டர்?"

பெரும்பாலும் ஆறிவிடும். எருமை குத்தித் தொடையில் ஓட்டையோடு நொண்டிய சிங்கம் இரண்டு மாதம் கழித்து வேட்டைக்குப் போகும். யானை சேற்றை வாரிப் பூசிக்கொண்டே பாதிப் புண்ணை ஆற்றிவிடும்.

ஆறாதது, உடம்புக்குள் ஒரு பொருள் தங்கிவிட்ட காயம். கம்பி, அம்பு முனை, ஈட்டித் துண்டு இவை உள்ளே இருக்கும்வரை புண் ஆறாது. மேல்தோல் மூடிக்கொள்ளும், அடியில் சீழ் வைக்கும். யானையின் தோல் தடிமன் என்பதால் இந்த ஏமாற்று அதற்கு அதிகம். வெளியே ஒரு ரூபாய்க் காசு அளவு துளை தெரியும், உள்ளே கை நுழையும் அளவுக்குப் பை இருக்கும்.

"சிங்கம் மானை அடிச்சுப் பாதியில விட்டா அந்த மானுக்கும் வைத்தியம் பார்ப்பீங்களா?"

பார்ப்பதில்லை. மனிதனால் வந்த காயம் என்றால் போவார்கள், இயற்கையாக வந்தது என்றால் விட்டுவிடுவார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில் கிட்டத்தட்ட எல்லாக் குழுவும் இந்தக் கோட்டை வைத்திருக்கிறது. ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்று நாட்டிலும் மலைக் கொரில்லாக்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் இதேதான் விதி: மனிதனால் வந்ததாக இருக்க வேண்டும், அல்லது உயிருக்கே ஆபத்தாக இருக்க வேண்டும்.

கோடு எப்போதும் நேராக இருப்பதில்லை. வறட்சியில் வற்றிய அணையின் சேற்றில் யானை மாட்டினால் அது இயற்கையா, அணை கட்டிய மனிதனால் வந்ததா? கென்யாவின் அம்போசெலிப் பூங்காவில் டிம் என்று பேர்பெற்ற பெருந்தந்த யானை 2018-ல் சேற்றில் புதைந்தபோது யாரும் இந்த விவாதத்தில் இறங்கவில்லை, கயிறு கட்டி இழுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து, 2020 பிப்ரவரியில், வயதாகி இயல்பாகவே இறந்தது. எண்ணிக்கை குறைந்த இனம், பேர்பெற்ற விலங்கு என்றால் கோடு கொஞ்சம் நகரும். அதை ஒத்துக்கொள்வதில் தப்பில்லை என்பது என் எண்ணம்.

"என்ன மாதிரி காயம்தான் நிறைய வரும்? துப்பாக்கிச் சூடா?"

துப்பாக்கி பட்டால் பெரும்பாலும் செத்துவிடும், வைத்தியத்துக்கு வராது. வருவது சுருக்குக் கம்பி. மோட்டார் சைக்கிள் பிரேக் ஒயர், வேலிக் கம்பி, பழைய டயரை எரித்தால் மிஞ்சும் எஃகு இழை, எது கிடைக்கிறதோ அதை வளையமாக்கி மரத்தில் கட்டி, மிருகங்கள் நடக்கும் தடத்தில் தொங்கவிடுவார்கள். குறி இம்பாலா மானுக்கு, காட்டுப்பன்றிக்கு. இறைச்சிக்காக. யானைக்கு யாரும் சுருக்கு வைப்பதில்லை. அது நடந்து போகும்போது காலில் மாட்டும், யானை ஒரு இழுப்பில் மரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு போய்விடும், வளையம் மட்டும் காலோடு தங்கும். நடக்க நடக்க இறுகும். குட்டி என்றால் இன்னும் மோசம். கால் வளரும், கம்பி வளராது.

சிங்கத்துக்கும் காட்டு நாய்க்கும் கழுத்தில் மாட்டும். துதிக்கையில் மாட்டி முனை அறுந்துபோன யானைகள் உண்டு. அவை மிச்சத் துதிக்கையை வைத்துக்கொண்டே தின்னப் பழகிவிடும். உகாண்டாவின் மர்ச்சிசன் அருவிப் பூங்காவில் பல் வைத்த இரும்புப் பொறிகளும் உண்டு. பிறகு, மாடு கொன்ற சிங்கத்தின் மீதும் வயலில் இறங்கிய யானையின் மீதும் ஊர்க்காரர்கள் எறியும் ஈட்டி, அம்பு.

"யார் வேணும்னாலும் போய் ஊசி போடலாமா? நான்கூட வெட்டினரி முடிச்சிருக்கேன்."

முடியாது. கென்யாவில் காட்டுவிலங்கு அரசுடையது. 1989-ல் அமைந்த கென்ய வனவிலங்குச் சேவைத் துறையின் மருத்துவர், அல்லது அந்தத் துறை அனுமதித்தவர்தான் கை வைக்கலாம். வண்டி, மருந்து, டீசல் செலவைப் பல இடங்களில், அனாதை யானைக் குட்டிகளை வளர்க்கும் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. அவர்களின் முதல் நடமாடும் மருத்துவக் குழு 2003-ல் சாவோவில் தொடங்கியது. சாவோ கிழக்கு, மேற்கு இரண்டு பூங்காவும் சேர்ந்தாலே 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு யானையைத் தேடிப் போய்ச் சேர்வதற்கே பாதி நாள் ஓடிவிடும்.

தென்னாப்பிரிக்காவில் கதை வேறு. அங்கே 1991-லிருந்து, முறையாக வேலி போட்ட நிலத்துக்குள் இருக்கும் விலங்குக்குத் தனியாரே சொந்தக்காரராக இருக்கலாம். அதனால் பண்ணைக்காரர் போன் செய்வார், தனியார் மருத்துவர் ஹெலிகாப்டரில் வருவார், பில் போகும். ஜிம்பாப்வேயில் மயக்க மருந்தைக் கையாள உரிமம் வேண்டுமென்றால் தனிப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து தேற வேண்டும்.

"அது என்ன மருந்து? ஒரு சொட்டு மனுஷன் மேல பட்டா செத்துடுவானாமே?"

எட்டோர்ஃபின். களத்தில் எல்லோரும் 'எம்-99' என்பார்கள். அபின் குடும்பத்து மருந்து, மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம். முழு வளர்ச்சி அடைந்த ஆண் யானைக்கு 15 முதல் 20 மில்லிகிராம் போதும். திரவமாகப் பார்த்தால் இரண்டு மில்லி, ஒரு டீஸ்பூனில் பாதிகூட இல்லை. ஐந்து டன் சாய்ந்துவிடும்.

ஆமாம், மனிதனைக் கொல்லும். ஊசி கீறினாலும், கண்ணில் தெறித்தாலும் ஆபத்து. அதனால் டார்ட்டில், அதாவது துப்பாக்கியில் வைத்துச் சுடும் ஊசியில், மருந்து ஏற்றும்போது டாக்டர் கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்வார், பக்கத்தில் தண்ணீர் இருக்கும், எல்லோரும் ஓரடி தள்ளி நிற்பார்கள், பேச்சு நின்றுவிடும். ஏற்றுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி: "மாற்று மருந்து எங்கே இருக்கிறது? நான் விழுந்தால் யார் போடுவது?" நலோக்ஸோன் குப்பி என் சட்டையின் இடது பையில். தொட்டுக் காட்டினால்தான் மூடியைத் திறப்பார். தனியாக ஒருவர் இந்த மருந்தைத் தொடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

இவ்வளவு பயங்கரமானதை ஏன் வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், இதற்கு முன்பு இருந்தது இதைவிடக் கொடுமை. 1950-களில் தசையைச் செயலிழக்கச் செய்யும் மருந்துகளைத்தான் சுட்டார்கள். விலங்கு விழித்துக்கொண்டே அசைய முடியாமல் கிடக்கும், அளவு கொஞ்சம் கூடினால் மூச்சும் நின்றுவிடும். 1960-களில் டோனி ஹார்த்தூர்ன் போன்ற கால்நடை மருத்துவர்கள் எட்டோர்ஃபினை யானை, காண்டாமிருகத்தில் பயன்படுத்திப் பார்த்த பிறகுதான் இந்தத் துறை இன்றைய வடிவத்துக்கு வந்தது. இதன் பெரிய வசதி, மாற்று மருந்து போட்டால் இரண்டு மூன்று நிமிடத்தில் விலங்கு எழுந்துவிடும்.

"சினிமால சுட்ட உடனே தொப்புனு விழுதே?"

விழாது. டார்ட் பட்ட யானை முதலில் ஓடும். ஐந்து நிமிடம், சில நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். மருந்து சீக்கிரம் பரவ ஹயலூரோனிடேஸ் என்ற நொதியைச் சேர்த்துக் கொடுப்பார்கள், அப்படியும் இவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் அது ஆற்றில் இறங்கலாம், பள்ளத்தில் விழலாம், முள்காட்டுக்குள் போய் மறையலாம். அதனால்தான் எங்கே விழும் என்று முன்கூட்டியே யோசித்துச் சுட வேண்டும். நல்ல டாக்டர் யானையைவிட அதற்குப் பின்னால் இருக்கும் நிலத்தைத்தான் அதிகம் பார்ப்பார். ஹெலிகாப்டர் கிடைத்தால் மேலிருந்து சுட்டு, நீர்நிலையின் பக்கம் போகாமல் மறித்துத் திருப்பலாம்.

"நம்ம முதுமலைல கும்கி வந்து முட்டுக் கொடுக்குதே. அங்க கும்கி இல்லாம எப்படி?"

இது தமிழ்நாட்டில் மட்டும் கேட்கப்படும் கேள்வி, நல்ல கேள்வி. நம் ஊரில் பெரும்பாலும் சைலசின், கெட்டமின் கொடுத்து யானையை நின்ற நிலையிலேயே சொக்க வைத்து, இரண்டு பக்கமும் கும்கியை நிறுத்தித் தள்ளுவார்கள். ஆப்பிரிக்காவில் அந்த மரபு இல்லை. பெல்ஜியக் காங்கோவில் யானைகளைப் பழக்கிப் பார்த்தார்கள், அது வேரூன்றவில்லை. அங்கே கும்கியின் வேலையை லேண்ட் குரூசரும் நைலான் கயிறும் பார்க்கின்றன.

எதற்குக் கயிறு என்றால், யானை விழும் விதம். மற்ற பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே வழுக்கும் இடைவெளி இருக்கும். யானைக்கு அந்த இடம் இழைகளால் ஒட்டி நிரம்பியிருக்கிறது. மூச்சு முழுக்க உதரவிதானத்தையும் மார்புத் தசையையும் நம்பி நடக்கிறது. மடங்கி நெஞ்சின் மேல் உட்கார்ந்துவிட்டால் வயிற்றின் பாரம் முன்னால் தள்ளி, மூச்சு அடைத்துவிடும். உடனே பக்கவாட்டில் சாய்த்தாக வேண்டும். கொம்பிலோ காலிலோ கயிறு போட்டு, வண்டியில் கட்டி, "போலே போலே" என்று ஓட்டுநரிடம் கத்திக்கொண்டே இழுப்பார்கள். சுவாஹிலியில் மெதுவாக, மெதுவாக என்று பொருள். கத்துகிறவர் குரலில் மட்டும் மெதுவே இருக்காது.

"விழுந்த பிறகு என்னதான் நடக்கும்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க."

நான் நின்ற இடத்திலிருந்து சொல்கிறேன், அது எப்போதும் துதிக்கைப் பக்கம். முதல் வேலை, துதிக்கையை நேராக நீட்டி, நுனியின் இரண்டு துளையும் மண்ணில் அழுந்தாமல் பார்ப்பது. விரல் நீளத்துக்கு ஒரு குச்சியை ஒடித்து நுனியில் குறுக்கே வைத்தால் துளை மூடாது. அடுத்து, மேலே இருக்கும் காதை மடித்துக் கண்ணின் மேல் போர்த்துவது, வெயிலும் தூசியும் படாமல். காது பெரிதாகத் தெரிந்தாலும் மடிக்கும்போது நனைந்த சாக்கு மாதிரி கனக்கும். பின்புறத்தில் ரத்த நாளங்கள் விரல் தடிமனில் ஓடும். அந்தக் காதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், யானை தன் சூட்டை வெளியேற்றுவது அதன் வழியாகத்தான்.

பிறகு நான் உட்கார்ந்து எண்ணுவேன். நுனிக்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால் மூச்சு வரும்போது கை முழுக்க ஈரச் சூடு படும், புல் புளித்த வாசனை. நிமிடத்துக்கு நான்கு, ஐந்து. ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பத்துப் பதினைந்து நொடி அமைதி. முதல் தடவை அந்த அமைதியில் என் மூச்சு நின்றுவிட்டது. பின்னால் டாக்டர் கம்பியைத் தேடிக்கொண்டிருப்பார். சதை வளர்ந்து மூடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத் துழாவ வேண்டும். கம்பிவெட்டி 'டக்' என்று ஒலித்தால் பாதி வேலை முடிந்தது. சீழ் பீறிட்டால் அந்த நாற்றம் சட்டையிலிருந்து மூன்று நாள் போகாது.

ஒருவர் மணியைப் பார்த்துக்கொண்டு நிமிடத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். முக்கால் மணிக்குள் முடிந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி. கடைசியில் எல்லாப் பொருளையும் எண்ணி வண்டியில் ஏற்றி, எல்லோரும் ஏறி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, டாக்டர் மட்டும் காதின் ரத்த நாளத்தில் டைப்ரெனோர்ஃபின் என்ற மாற்று மருந்தைப் போட்டுவிட்டு ஓடி வருவார். யானை தலையை இரண்டு முறை ஆட்டும், காலை உதறும், எழும்.

"அதோட குடும்பம் சும்மா இருக்குமா?"

இருக்காது. ஒன்று விழுந்ததும் மற்றவை சுற்றி நின்று தூக்கப் பார்க்கும், தந்தத்தால் முட்டுக் கொடுக்கும். ஹெலிகாப்டரோ இரண்டு வண்டியோ அவற்றைத் தள்ளி ஓட்டித் தூரத்தில் நிறுத்தி வைக்கும். குட்டிக்குக் கம்பி என்றால் தாய்க்கும் சேர்த்து மயக்க ஊசி போட வேண்டும். வேறு வழி கிடையாது. அப்போது எண்ணுகிறவர்களும் இரண்டு பேர்.

"எல்லா மிருகத்துக்கும் இதே மருந்துதானா?"

இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவலி. காண்டாமிருகத்துக்கு எட்டோர்ஃபின்தான், ஆனால் ரத்தத்தில் பிராணவாயு சட்டென்று குறையும், உடம்பு வெடவெடவென்று நடுங்கும். அதைக் குறைக்க பியூட்டார்ஃபனால் கொடுத்து, மூக்கில் குழாய் விட்டு ஆக்சிஜனும் தருவார்கள். கண்ணைத் துணியால் கட்டி, காதில் துணியை அடைப்பார்கள். பழைய காலுறைதான் அதற்குச் சரியான அளவு.

ஒட்டகச்சிவிங்கிதான் டாக்டர்கள் கைநடுங்கும் விலங்கு. அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, மயக்கத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தாறுமாறாகும். அதனால் விழுந்த உடனே மாற்று மருந்தைப் போட்டுவிடுவார்கள். ஆமாம், விழித்திருக்கும்போதுதான் வைத்தியம். கழுத்தை வீசாமல் ஒட்டகச்சிவிங்கியால் எழ முடியாது, அதனால் நான்கைந்து பேர் கழுத்திலும் தலையிலும் உட்கார்ந்து அழுத்திக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓட வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் உதை.

சிங்கம், சிறுத்தைக்கு எட்டோர்ஃபின் ஆகாது, வெறி பிடித்த மாதிரி ஆகிவிடும். மெடெட்டோமிடினும் கெட்டமினும் கலந்து போடுவார்கள். மெடெட்டோமிடினுக்கு மாற்று உண்டு, கெட்டமினுக்குக் கிடையாது, அது தானாகத் தேயக் காத்திருக்க வேண்டும். சிங்கம் தள்ளாடும் அந்த நேரத்தில் கழுதைப்புலி வந்துவிடாமல் வண்டி பக்கத்திலேயே நிற்கும். கொரில்லாவுக்கு முடிந்தவரை மயக்கமே கொடுப்பதில்லை. தூரத்திலிருந்து ஆன்டிபயாடிக் டார்ட் ஒன்று, அவ்வளவுதான். நம் சளி அதற்கு எமன் என்பதால் டாக்டர்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு போவார்கள். கொரோனாவுக்குப் பல வருடம் முன்பிருந்தே இந்தப் பழக்கம்.

"மான் பயந்தே செத்துடும்னு சொல்றாங்களே, நிஜமா?"

நிஜம்தான், ஆனால் பயத்தால் மட்டும் இல்லை. துரத்தப்பட்ட மான், வரிக்குதிரை இவற்றின் தசை அளவு மீறி உழைத்து, அமிலம் சேர்ந்து, தசைநாரே சிதைய ஆரம்பிக்கும். சிறுநீர் காப்பிக் கஷாய நிறத்தில் போகும். அன்றே சாகலாம், ஒரு வாரம் கழித்தும் சாகலாம். வந்த பிறகு வைத்தியம் கிடையாது என்றே சொல்லலாம். துரத்தும் நேரத்தைக் குறைப்பது, வெயிலுக்கு முன் காலையிலேயே முடிப்பது, உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் மற்றதை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றுவது, இவைதான் தற்காப்பு.

"வீடியோல பார்த்தேன், தையல் போடலை, கட்டும் போடலை. பச்சை மண்ணைப் பூசி விட்டுட்டாங்க. இது என்ன வைத்தியம்?"

தைத்தால்தான் தப்பு. முதல் கேள்விக்குச் சொன்னதை நினைத்துப் பாருங்கள், மேலே மூடினால் உள்ளே அழுகும். அதனால் புண்ணின் அடிப்பக்கத்தில் வழி திறந்து சீழ் தானாக வடிய விடுவார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் கழுவி, அயோடின் ஊற்றி, பச்சைக் களிமண்ணை அடைப்பார்கள். அது ஈ மொய்க்காமல் தடுக்கும், ஈரத்தை உறிஞ்சும், தானாக உதிர்ந்தும் விடும். கட்டுத்துணி போட்டால் யானை அரை மணியில் பிய்த்துவிடும், பிய்க்காவிட்டால் அதைவிட மோசம், அவிழ்க்க யார் இருக்கிறார்கள்?

பல நாள் நிற்கும் ஆன்டிபயாடிக் ஊசி, வலி மருந்து. நாளைக்கு வா என்று சொல்ல முடியாத நோயாளி. பெரிய காயம் என்றால் சில வாரம் கழித்து ரேஞ்சர்கள் தேடிக் கண்டுபிடித்தால் இரண்டாம் முறை.

"அப்படியே தூக்கிட்டுப் போய் ஆஸ்பத்திரில வெச்சுப் பார்க்கலாமே?"

குட்டி என்றால் செய்வார்கள். பெரிய காட்டு யானையை அடைத்து வைத்தால் காயத்தைவிட அடைப்புதான் அதைக் கொல்லும். அதைவிட, கூட்டத்தில் அதன் இடம் போய்விடும்.

"விஷ அம்புன்னா பிழைக்குமா?"

அக்கோகாந்தேரா என்ற மரத்தின் பட்டையையும் வேரையும் கொதிக்க வைத்துத் தார் மாதிரி இறக்கி, அம்பு முனையில் பூசித் தோலால் சுற்றி வைப்பார்கள். அதில் உள்ள ஊபாயின் இதயத்தை நிறுத்தும். புதிய விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டால் களத்தில் செய்ய ஒன்றுமில்லை. சாவோவின் சடாவோ என்ற பெருந்தந்த யானை 2014 மே மாதம் அப்படித்தான் செத்தது.

விஷம் பழையதாகவோ, அம்பு ஆழமாக இறங்காமலோ இருந்தால் யானை பிழைக்கும், சுற்றியுள்ள சதை செத்துச் சீழ் கட்டும். அந்தக் கட்டத்தில்தான் மருத்துவர் கைக்கு வருகிறது. வைத்தியம் மேலே சொன்னதேதான்.

"யானையே வைத்தியத்துக்குத் தேடி வருமாமே? வாட்ஸ்அப்ல வந்தது."

வாட்ஸ்அப்பில் வருவதில் பாதியைக் கழித்துவிட்டுச் சொல்கிறேன். சாவோ கிழக்கின் வடக்கில் இத்தும்பா என்ற இடத்தில், வளர்த்த அனாதை யானைகளைக் காட்டுக்குத் திருப்பும் கொட்டடி இருக்கிறது. அம்பு பட்ட காட்டு ஆண் யானைகள் அங்கே வந்து நின்று, அங்கேயே வைத்தியம் பார்க்கப்பட்டதை அறக்கட்டளை பலமுறை பதிவு செய்திருக்கிறது. அங்கே தண்ணீர்த் தொட்டி உண்டு, அடிக்கிறவர்கள் இல்லை, பழகிய யானைகள் உண்டு. "டாக்டரைத் தேடி வந்தது" என்று சொல்ல எனக்குத் தயக்கம். பாதுகாப்பான இடம் எது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. நன்றி சொல்லியதா என்றால், எழுந்த யானைகளில் பாதி எங்கள் வண்டியைத் துரத்தின.

"கொம்பை வெட்டிட்டுப் போன காண்டாமிருகம் உயிரோட இருக்குமா? மூஞ்சியே இருக்காதே?"

சில பிழைத்திருக்கின்றன. திருடர்கள் கொம்பை அடியோடு கோடரியால் வெட்டும்போது எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள் திறந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் கரீகா காப்பகத்தில் 2012 மார்ச்சில் மூன்று காண்டாமிருகங்கள் இப்படி வெட்டப்பட்டன. ஒன்று அன்றே செத்தது, இன்னொன்று மூன்று வாரத்துக்கு மேல் போராடிச் செத்தது. மூன்றாவதான தாண்டி பிழைத்தது. வில்லியம் ஃபௌல்ட்ஸ் என்ற மருத்துவரும் குழுவும் திரும்பத் திரும்ப மயக்கி, தோல் ஒட்டுப் போட்டு ஆற்றினார்கள். 2015 ஜனவரியில் குட்டி போட்டது.

அதே 2015-ல் ஹோப் என்ற காண்டாமிருகத்தின் முகக்காயத்தை மூட, இறந்த யானையின் தோலைப் பதப்படுத்திக் கவசமாகத் தைத்தார்கள். காண்டாமிருகம் மரத்தில் உரசினாலும் தாங்கக்கூடியது வேறு என்ன இருக்கிறது? காயம் ஆறிக்கொண்டே வந்தது. 2016 நவம்பரில் குடல் தொற்று வந்து ஹோப் இறந்துவிட்டது.

"கால் உடைஞ்சு போச்சுன்னா?"

யானை, காண்டாமிருகம், எருமை எதற்கும் உடைந்த காலைச் சேர்த்துவைக்கக் காட்டில் வழியில்லை. சுருக்குக் கம்பி மூட்டுக்குள் இறங்கி எலும்பு அழுகியிருந்தாலும் அப்படியே. வலி இல்லாமல் முடித்துவிடுவார்கள். டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் ரேஞ்சரைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும்.

"அதுக்கும் ஊசி போட்டுடலாமே, ஏன் துப்பாக்கி?"

நம் ஊரில் நாயைக் கருணைக்கொலை செய்யப் போடும் பென்டோபார்பிடால் போட்டால் பிணம் முழுக்க மருந்து. அதைத் தின்னும் பாறுக் கழுகுகள் அங்கேயே சுருண்டுவிடும். யானைப் பிணம் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் பாறு இறங்கும். அதனால் தலையில் ஒரு குண்டு. இதே காரணத்தால் வலி மருந்திலும் டைக்லோஃபெனாக் தொடுவதில்லை. மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபெனாக்கால் நம் பாறுகள் அழிந்து, 2006-ல் இந்தியா அதைக் கால்நடைக்குத் தடை செய்தது நினைவிருக்கும். ஆப்பிரிக்க வெண்முதுகுப் பாறும் அதே குடும்பம். மெலாக்சிகாம் போட்டால் பயமில்லை.

"வைத்தியம் பார்த்தே செத்ததில்லையா?"

உண்டு. முறிக்கும் மருந்தின் வேகம் எட்டோர்ஃபினின் வேகத்துக்கு முன்பே தணிந்துவிட்டால் சில மணி நேரம் கழித்து விலங்கு மறுபடி சொக்க ஆரம்பிக்கும், புலனாகாத இடத்தில். அப்போது சிங்கம் பார்த்தால் முடிந்தது. நால்ட்ரெக்ஸோன் என்ற மாற்று மருந்து நெடுநேரம் நிற்கும் என்பதால் இரைவிலங்குகளுக்குப் பல டாக்டர்கள் அதை விரும்புகிறார்கள்.

நான் எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெண் யானை, நிமிடத்துக்கு ஐந்தாக இருந்தது மூன்றாகி, இரண்டாகி, நின்றது. மாற்று மருந்து போட்டும் எழவில்லை. அறுத்துப் பார்த்தபோது வயிறு முழுக்கச் சீழ், கம்பி இருந்த காலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத பழைய காயம். மயக்கியிருக்காவிட்டால் இன்னும் சில வாரம் நடந்திருக்கும். அதை நல்லது என்பதா கெட்டது என்பதா, எங்களுக்குள் ஒத்த கருத்து வரவில்லை.

"ஒரு யானையைக் காப்பாத்தி என்ன ஆகப்போகுது? அந்தக் காசை ரோந்துக்குச் செலவு பண்ணலாம்ல?"

ரோந்துதான் முதல். கம்பியைக் காட்டிலேயே பொறுக்கி எடுத்துவிட்டால் டாக்டருக்கு வேலை இல்லை. ஆனால் இது ஒன்றுக்கொன்று போட்டி இல்லை. இனம் சிறியதாக இருக்கும்போது ஒவ்வொரு உயிரும் கணக்கில் ஏறும். விருங்கா மலைக் கொரில்லாக்களை ஆராய்ந்து 2011-ல் வெளியான கணக்கு ஒன்று: மனிதர்களுக்குப் பழகிய, தினமும் கண்காணிப்பும் மருத்துவமும் கிடைத்த கூட்டங்கள் ஆண்டுக்கு 4 சதவீதம் போல வளர்ந்தன. பழகாத கூட்டங்கள் சற்றுக் குறைந்தன. அந்த வித்தியாசத்தில் 40 சதவீதம் வரை மருத்துவத்தால் வந்திருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

லட்சக்கணக்கில் இருக்கும் இனத்தில் ஒரு மானின் காலிலிருந்து கம்பியை எடுப்பதால் இனம் பிழைக்கப் போவதில்லை. அதைச் செய்வது அந்த மானுக்காக. மருத்துவத்தால் வரும் வேறொரு லாபத்தையும் சொல்ல வேண்டும்: என்ன விஷம், எந்தக் கம்பி, எந்தப் பக்கத்தில் என்று முதலில் தெரிவது டாக்டருக்குத்தான். 2015 டிசம்பரில் மசாய் மாராவில் மார்ஷ் கூட்டத்துச் சிங்கங்கள் வலிப்பு வந்து விழுந்தபோது, மாட்டுப் பிணத்தில் பூச்சிமருந்து வைத்திருந்தது வெளியே வந்தது. பிபி என்ற கிழச் சிங்கி செத்தது. அட்ரோபின் போன்ற மாற்று மருந்து உடனே கிடைத்தால் அந்த வகை விஷத்திலிருந்து மீட்க முடியும்.

"சரி, நான் அடுத்த வருஷம் சஃபாரி போறேன். அடிபட்டதைப் பார்த்தா என்ன பண்ணணும்?"

வண்டியை விட்டு இறங்காதீர்கள், பக்கத்தில் ஓட்டச் சொல்லாதீர்கள். ஓடினால் காயம் பெரிதாகும், கண்டுபிடிப்பதும் கஷ்டம். உங்கள் ஓட்டுநர் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அவரிடம் ரேஞ்சர் நம்பர் இருக்கும். புகைப்படம் எடுங்கள்: காயம் ஒன்று, முழு உடம்பு ஒன்று, காது ஓரம் தெரிகிற மாதிரி ஒன்று. காதுக் கிழிசலை வைத்துத்தான் யானையை அடையாளம் காண்பார்கள். நேரமும் இடமும் குறித்துக்கொள்ளுங்கள், எந்தத் திசையில் நடக்கிறது என்பதும். காண்டாமிருகம் என்றால் இடத்தோடு பேஸ்புக்கில் போடவே போடாதீர்கள், டாக்டருக்கு முன்னால் வேறு ஆள் வந்துவிடுவான்.

எந்தக் கால் என்று சொல்லும்போது கவனம். "இடது கால்" என்று ஒருவர் சொன்னதை நம்பி, காலையிலிருந்து இடது முன்னங்கால் நொண்டும் யானையைத் தேடி மதியம்வரை அலைந்திருக்கிறோம். அவர் எதிரே நின்று பார்த்திருக்கிறார். அவருக்கு இடது, யானைக்கு வலது.